பஸ் ஏறாத விண்மீன் மண்டலங்கள்

என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்ற சொல் வந்து உட்கார வேண்டும் என்று ஒன்பது வருஷம் ஆசைப்பட்டேன். அறிவுத் தாகம், பிரபஞ்சத்தின் மேல் வியப்பு என்றெல்லாம் கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பொய். எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறை வாசலில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதில் ஏழு பேர். ஆறு பேருக்கு முன்னால் அந்தச் சொல் இருக்கிறது. ஏழாவது ஆளுக்கு முன்னால் 'திரு' என்று போட்டிருக்கிறது. அந்தத் திரு நான்தான். தினமும் காலையில் கையெழுத்துப் போடப் போகும்போது அதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

பகுதிநேர ஆய்வாளனாகப் பதிந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. எனக்கு வாய்த்த நெறியாளர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். வேலூரில் இருந்தார். அவர் என்னை 'சார்' என்பார், நான் அவரை 'மேடம்' என்பேன். யார் யாருக்கு எழுந்து நிற்பது என்று இருவருக்கும் கடைசிவரை தெரியவில்லை. தலைப்பை அவர்தான் கொடுத்தார்: தொலைதூர நீள்வட்ட விண்மீன் மண்டலங்களின் ஒளிர்வு காலப்போக்கில் எப்படி மாறுகிறது. கேட்டதும் எனக்குப் பிடித்துவிட்டது. காரணம், பலகையில் இருக்கும் ஆறு பேரும் மண், உப்பு, மெல்லிய படலம் என்று தரையிலேயே ஆராய்ச்சி செய்தவர்கள். நான் மேலே போகிறேன் என்று ஒரு கெத்து.

விஷயம் அவ்வளவு கடினமானதில்லை. கோடானுகோடி நட்சத்திரங்கள் முட்டை வடிவத்தில் கூடிக் கிடக்கும் கூட்டத்துக்குத்தான் நீள்வட்ட மண்டலம் என்று பெயர். அதற்குள் புது நட்சத்திரம் பிறப்பது அநேகமாக நின்றுபோயிருக்கும். ஆடம்பரமாக எரிகிற பெரிய நட்சத்திரங்கள் சீக்கிரம் செத்துவிடும். சிக்கனமாக எரிகிற சிவந்த சின்ன நட்சத்திரங்கள் மிஞ்சும். ஆகவே காலம் போகப் போக மண்டலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வரும். தூரத்து மண்டலத்தின் வெளிச்சம் நம்மிடம் வந்து சேரப் பல நூறு கோடி வருஷம் ஆகிறது. அதனால் தூரத்தில் இருப்பதைப் பார்த்தால் அதன் இளவயசைப் பார்க்கிறோம். தூரம் காரணமாக நம் கண்ணுக்கு மங்கித் தெரிவதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்துவிட்டால், தூரத்து மண்டலங்கள் பக்கத்து மண்டலங்களைவிட உள்ளபடியே கொஞ்சம் பிரகாசமாக இருக்க வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கோட்பாடு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. என் புள்ளிகள் அந்தக் கோட்டின் மேல் விழுகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை.

வானியல் ஆள் என்றால் ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்ப்பவன் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. நிஜத்தில் நான் ஒன்பது மணிக்குக் குறட்டை விடுகிற ஜாதி. தொலைநோக்கி எங்கோ வேறொரு கண்டத்து மலை உச்சியில் இருக்கிறது. அங்கே யாரோ படம் எடுத்து, மண்டலம் மண்டலமாக அளந்து, பட்டியல் போட்டு இணையத்தில் வைத்துவிட்டார்கள். அதை இறக்கி, பகலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போடுவேன். ஒரு நீள்வட்ட மண்டலத்தையாவது கண்ணால் பார்த்திருக்கிறேனா என்றால், சத்தியமாக இல்லை.

இந்த லட்சணத்தில் எனக்குப் பௌர்ணமி மேல் வேறு கோபம். எங்கள் ஊருக்குப் பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். பால் வாங்கிக்கொண்டு வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போகும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முறை, "நீங்க கிரிவலம் போகலியா சார்?" என்று கேட்டார். "நிலா வெளிச்சம் எங்க தொழிலுக்கு இடைஞ்சல் சார். மங்கலான பொருள் எதுவும் தெரியாது" என்று பெருமூச்சோடு சொன்னேன். உள்ளே வந்ததும் என் மனைவி கேட்டாள்: "உங்களுக்கு நிலா என்னாங்க பண்ணுச்சு? உங்க லேப்டாப்பு ரூமுக்குள்ள தானே இருக்குது?"

அவள் அப்படித்தான். பி.காம் படித்தவள். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் உதவியாளர். திங்கட்கிழமைதோறும் மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் மக்கள் மனு கொடுக்க அங்கே வருவார்கள். மனுக்களை வாங்கி, எண் போட்டு, கணினியில் பதிந்து, உரிய துறைக்கு அனுப்புகிற மேசைகளில் ஒன்று அவளுடையது. பத்து வருஷமாக ஒரே மேசை. யார் என்ன சொன்னாலும் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வாள். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். சண்டை போடுவதற்கு அதைவிட மோசமான முகம் உலகத்தில் கிடையாது.

ஏழாவது வருஷம் எனக்கு அந்த வரைபடம் கிடைத்தது. கோட்பாட்டுக் கோடு ஒரு பக்கம் சாதுவாகப் போகிறது. என் புள்ளிகள் அதை விட்டுக் கிளம்பி, தூரம் போகப் போக மேலே மேலே ஏறுகின்றன. அதாவது, தூரத்து மண்டலங்கள் கோட்பாடு சொல்வதைவிட மிக மிகப் பிரகாசமாக இருக்கின்றன. அப்படியென்றால் நட்சத்திரங்கள் மூப்படைவதைப் பற்றி உலகம் இதுவரை நம்பி வந்தது தப்பு. அதைக் கண்டுபிடித்தது வேங்கிக்கால்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆசிரியர் அறையில் தமிழ்த் துறைப் பேராசிரியரிடம் காகிதத்தை நீட்டி, "கோட்பாட்டையே மாத்தி எழுதணும் சார்" என்றேன். அவர் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்படியா, சந்தோஷம்" என்றார். அன்றிலிருந்து என்னை 'விஞ்ஞானி' என்றே கூப்பிட்டார். அதில் கிண்டல் இருந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. டீக்கடையில் சொன்னேன். கீழ்பென்னாத்தூரில் மாமனார் வீட்டுக்குப் போனபோது நிலக்கடலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களை நிறுத்திவைத்துச் சொன்னேன். பெயர்ப்பலகைக் கடையில் 'முனைவர்' போட்டு வீட்டு வாசலுக்கு ஒரு பலகை செய்யச் சொல்லி, அதை பீரோவுக்குப் பின்னால் ஒளித்தும் வைத்தேன். மனைவி பெருக்கும்போது எடுத்துப் பார்த்தாள். தூசி தட்டி, மறுபடி அங்கேயே வைத்துவிட்டாள்.

நெறியாளர் மட்டும் போனில், "சார், எதுக்கும் சாம்பிளை ஒரு தடவை செக் பண்ணிடுங்க" என்றார்.

"அதெல்லாம் எப்பவோ பண்ணிட்டேன் மேடம்" என்றேன். அது உண்மை. எப்பவோ பண்ணியிருந்தேன்.

அதற்குப் பிறகு விடைத்தாள் திருத்தம், தேர்தல் பணி, ஆய்வக மராமத்து என்று இரண்டு வருஷம் ஓடியது. பல்கலைக்கழகம் இரண்டு முறை நீட்டிப்புக் கொடுத்தது. மூன்றாவது நீட்டிப்பைக் கொடுக்கும்போது இதுதான் கடைசி என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஒன்பது வருஷமும் குப்பை. சாகும்வரை நான் 'திரு'.

அந்தக் கடைசி நீட்டிப்பில் இரண்டு மாதம் பாக்கி இருந்தபோது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், நெறியாளர் குழுமுன் பேச வேண்டிய உரையை வீட்டில் ஒத்திகை பார்த்தேன். பார்வையாளர் என் மனைவி ஒருத்திதான். நாள் முழுக்க மனு வாங்கிவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் டிவியில் வரைபடத்தைப் போட்டு, அளவுகோலை வைத்துக்கொண்டு முழங்கினேன். இருபது நிமிஷம் கழித்து, "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டேன். ஒத்திகைக்காகக் கேட்டதுதான். கேள்வி கேட்பாள் என்று நினைக்கவில்லை.

"தூரத்துல இருக்கறதெல்லாம் ஜாஸ்தி வெளிச்சமா இருக்குதுன்றீங்க."

"ஆமா. கோட்பாடு சொல்றதைவிட ரொம்ப ஜாஸ்தி."

"அவ்ளோ தூரத்துல கம்மி வெளிச்சத்துல ஒன்னுகூட இல்லியா?"

"பட்டியல்ல இல்ல."

"பட்டியல்ல இல்லியா, வானத்துல இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. "இது என்னா கேள்வி? பட்டியல் என்னா நானா போட்டேன்?" என்று எகிறினேன்.

அவள் கடலையை விடாமல் உடைத்துக்கொண்டே சொன்னாள்: "இல்லீங்க, போன வருஷம் எங்க செக்‌ஷனுக்குப் புதுசா ஒரு கிளார்க் வந்தாரு. மனுவெல்லாம் தாலுகா வாரியா பிரிச்சிப் பாத்துட்டு, 'மேடம், தூரத்து ஊர்ல தான் பிரச்சனை எல்லாம் பெரிசு பெரிசா இருக்குது, டவுன் பக்கம் எல்லாமே சின்னச் சின்னது'ன்னாரு. ரிப்போர்ட்டே எழுத உக்காந்துட்டாரு. நான் சொன்னேன், இங்க வேங்கிக்கால்ல தெரு லைட்டு எரியலன்னா நடந்து வந்து ஒரு மனு குடுத்துட்டுப் போயிடுவாங்க. ஜமுனாமரத்தூர்ல எரியலன்னா, அதுக்காக மலை எறங்கி ரெண்டு பஸ் மாறி வருவாங்களா? நெலமே போச்சு, வீடே போச்சுன்னா தான் கெளம்புவாங்க. சின்னப் பிரச்சனை அங்க இல்லாம இல்ல. அது பஸ் ஏறல, அவ்ளோதான்."

நான் அளவுகோலை முறத்தின் பக்கம் நீட்டிக் கத்தினேன். "உன் மனுவும் என் மண்டலமும் ஒன்னா? ஒன்பது வருஷ ஆராய்ச்சிய தெரு லைட்டோட சேக்கறியே."

"நான் சும்மா கேட்டேங்க" என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் இரண்டாவது வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்தில் உட்கார்ந்து, அவள் சொன்னது அபத்தம் என்று நிரூபிப்பதற்காகவே பழைய கோப்புகளைத் திறந்தேன். என் மடிக்கணினியில் 'இறுதி' என்று ஒரு கோப்புறை, 'இறுதி 2' என்று ஒன்று, 'உண்மையான இறுதி' என்று ஒன்று, 'இதுதான் இறுதி' என்று ஒன்று இருந்தன. முழுநேர ஆய்வாளர்களுக்கு இந்த நோய் வருவதில்லை. கல்லூரி வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம் இன்றைக்கு, அரை மணி நேரம் அடுத்த மாதம் என்று தைக்கிறவர்களுக்குத்தான் வரும்.

எந்தத் தொலைநோக்கிக்கும் ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே மங்கலானவை பதிவாகாது. பக்கத்தில் இருந்தால் சோப்ளாங்கி மண்டலமும் பதிவாகிவிடும். தூரத்தில் இருந்தால் பலசாலிகள் மட்டும்தான் பதிவாவார்கள். அதனால் ஒப்பிடும்போது, எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கண்ணில் பட்டே தீரும் அளவுக்குப் பிரகாசமானவற்றை மட்டும் இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை. மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். மூன்றாவது வருஷம் அப்படிச் சலித்தெடுக்கும் கணினி நிரலை, ஒரு சல்லடையை, நானே எழுதி, முதல் பட்டியலைச் சலித்தும் வைத்திருந்தேன். ஆறாவது வருஷம் இன்னும் பெரிய பட்டியல் ஒன்று வெளியானது. ஆசை ஆசையாக அதற்குத் தாவினேன். சிவப்பு நகர்வுக்கான திருத்தம், தூசுக்கான திருத்தம் என்று கடினமானதை எல்லாம் ஒழுங்காக எடுத்துப் போனேன். சல்லடை மட்டும் முதல் 'இறுதி'யிலேயே தங்கிவிட்டது.

சல்லடையைப் போட்டு ஓட்டினேன். மேலே மேலே ஏறிக்கொண்டிருந்த என் புள்ளிகள், பொங்கின மாவில் கரண்டியை விட்டது போல அமுங்கி, கோட்பாட்டுக் கோட்டின் மேல் போய் அடக்கமாக உட்கார்ந்தன. தூரத்து மண்டலங்கள் கொஞ்சம் பிரகாசமாகத்தான் இருக்கின்றன. எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த அவ்வளவு.

எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தைந்து வயது ஆள், மதியம் பன்னிரண்டரை மணிக்கு, ஆய்வகத்தில், கைக்குட்டை இல்லாமல்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அயோக்கியனாக இருந்தேன். வசதியாகவே இருந்தது. சல்லடையை மறுபடியும் பழைய கோப்புறையிலேயே போட்டு மூடிவிட்டேன். தேர்வாளர்கள் ஆய்வேட்டின் முதல் பத்துப் பக்கமும் கடைசி இரண்டு பக்கமும்தான் படிப்பார்கள் என்று எனக்கு நானே ஆறுதல் சொன்னேன். கண்டுபிடிப்பும் இருக்கும், பட்டமும் வரும். தப்பு என்று பின்னால் யாராவது சொன்னால் அறிவியல் வளர்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான்காம் நாள் நேர்மை என்னை உலுக்கி எழுப்பியது என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. நெறியாளர் போன் செய்து, வெளித் தேர்வாளராகப் பெங்களூர்க்காரர் ஒருவர் வருவார் போலிருக்கிறது, அவருக்குப் பட்டியல்கள்தான் வாழ்க்கை, ஒவ்வொரு வரியும் படிப்பார் என்றார். அந்த நிமிஷமே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அவர், "நல்லவேளை சார், இப்பவே சொன்னீங்க. வைவால கேட்டிருந்தா நாம ரெண்டு பேருமே தொலைஞ்சிருப்போம்" என்றார்.

"அப்ப புதுசா ஒன்னுமே இல்லியா மேடம்?"

"கோட்பாடு சரின்னு காட்டியிருக்கீங்க. அதுவும் ரிசல்ட் தான். இந்த சாம்பிள் தப்பு எப்படி ஏமாத்தும்னு தனி அத்தியாயமா எழுதுங்க. உங்க தீசிஸ்லயே அதான் உருப்படியா இருக்கும்."

அதாவது, ஒன்பது வருஷத்தில் உருப்படியான ஒரே அத்தியாயம் முறத்தடியில் பிறந்தது. மறுநாள் காலை மனைவியிடம் சொல்லிவிடுவது என்று சமையலறைக்குப் போனேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "நீ சொன்னது சரிதான்" என்றேன். அவள் மிக்ஸியை நிறுத்திவிட்டு, "என்னாது?" என்றாள். "ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் நாயாக உழைத்தேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆய்வேட்டைக் கொடுத்தேன். தமிழ்த் துறைப் பேராசிரியர், "என்ன விஞ்ஞானி, கோட்பாட்டை மாத்தி எழுதியாச்சா?" என்று கேட்டார். "இல்ல சார், காப்பாத்திட்டேன்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சில மாதங்கள் கழித்து வேலூரில் வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். நம் பக்கம் அது பாதி தேர்வு, பாதி விசேஷம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மனைவி லீவு போட்டுவிட்டு வந்தாள். இனிப்பு, மிக்சர் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பெங்களூர்க்காரரை ரயிலடியிலிருந்து நான்தான் வாடகைக் காரில் அழைத்து வந்தேன். சாந்தமான மனிதர். ஊர்ப் பேர் தான் பெங்களூர், நல்ல தமிழ் பேசினார்.

நாற்பது நிமிஷம் ஆங்கிலத்தில் பேசினேன். அவர் சாம்பிள் அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இதை இங்க உக்காந்திருக்கறவங்களுக்கெல்லாம் புரியற மாதிரி தமிழ்ல சொல்லுங்களேன்" என்றார்.

எனக்கு வாயில் வேறு எதுவும் வரவில்லை. வந்தது இதுதான்: "ஒரு மாவட்ட ஆபீஸ்ல திங்கட்கிழமை மனு வாங்கறாங்கன்னு வெச்சுக்குங்க சார்." தெரு லைட்டைச் சொன்னேன். மலை இறங்கி இரண்டு பஸ் மாறுவதைச் சொன்னேன். "சின்னப் பிரச்சனை அங்க இல்லாம இல்ல சார், அது பஸ் ஏறல" என்று முடித்தேன். ஒரு சொல் மாற்றவில்லை. இடைவெளி விட்டதுகூட அவள் விட்ட இடத்தில்தான். கூடமே சிரித்துக் கைதட்டியது. நெறியாளர் முகம் மலர்ந்தது.

பெங்களூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருஷமா இதைப் பாடம் எடுக்கறேன். இவ்வளவு நல்ல உதாரணம் எனக்குக் கெடைச்சதில்ல. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

மூன்றாவது வரிசையை நான் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "ஒரு நாள் சாயங்காலம் இதையே யோசிச்சிக்கிட்டு இருந்தேன் சார். திடீர்னு தோணுச்சு."

"அதான் ஆராய்ச்சி" என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் நெறியாளர் எழுந்து, என் பெயருக்கு முன்னால் முனைவர் சேர்த்து வாசித்தார். எல்லாரும் தட்டினார்கள். அவளும் தட்டினாள். பிறகு எழுந்து ஒவ்வொருவருக்கும் பொட்டலம் கொடுத்தாள். பெங்களூர்க்காரருக்கும் கொடுத்தாள். அவர், "உங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர்மா" என்றார். "ஆமாங்க சார்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் அவளுக்கு ஜன்னலோரம். கண்ணமங்கலம் வரைக்கும் நான்தான் பேசினேன். யார் எப்படித் தட்டினார்கள், நெறியாளர் என்ன சொன்னார், இனி சம்பள உயர்வு எப்போது வரும். என் சத்தம் எனக்கே தாங்கவில்லை. ஆனாலும் நிறுத்தினால் அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று நிறுத்தவில்லை. எங்கள் முன் சீட்டில் ஒரு பெரியவர், கண்டக்டரிடம் ஏதோ சிபாரிசுக் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு அவளாகவே ஆரம்பித்தாள்.

"எங்க ஆபீஸ் வாசல்ல வேப்பமரத்துக்குக் கீழ நாலஞ்சு பேரு உக்காந்து மனு எழுதித் தருவாங்க. பத்து வருஷமா பாக்கறனா, ஒவ்வொருத்தர் கையெழுத்தும் எனக்கு மனப்பாடம். அந்த எழுத்துல மனுவைக் கொண்டாந்து நீட்டுவாங்க. யாரு எழுதனதுன்னு கேட்டா, 'நானே எழுதுனேன் மேடம்'னுவாங்க. எழுதத் தெரியலன்னு சொன்னா மனுவை வாங்க மாட்டோமோன்னு பயம்."

"நீங்க என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். என் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"ஒன்னும் பண்ண மாட்டோம். வாங்கிக்கினு சீல் குத்திக் குடுத்துடுவோம். அவங்க வேலை ஆவணும் இல்ல?"

அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று பார்த்தேன். இல்லை. திங்கட்கிழமை முகம்தான் இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. இதுவரை வாழ்க்கையில் பட்ட அவமானங்களை எல்லாம் சேர்த்தாலும் அது அவ்வளவு இராது. 'முனைவர்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது வருஷம் இவள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள், ஒத்திகைக்கு உட்கார்ந்தாள், என் கத்தலைக் கேட்டாள். கடைசியில் என்னையும் ஒரு மனுதாரன் ஆக்கி, பயந்தவன் என்று இரக்கப்பட்டு, சீல் குத்திக் கொடுத்துவிட்டாள்.

"யாராவது திரும்பி வந்து, அதை நான் எழுதல மேடம், அவரு எழுதுனாருன்னு சொல்லியிருக்காங்களா?"

யோசித்துப் பார்த்தாள். "இல்லீங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல."

போனை எடுத்தேன். காலையில் அழைத்து வந்ததால் பெங்களூர்க்காரர் எண் மேலேயே இருந்தது. எடுத்துவிட்டார். "சார், அந்த மனு உதாரணம் என்னுது இல்ல சார். என் வைஃப் சொன்னது" என்றேன். "என்னது?" என்றார். பஸ் இரைச்சல். "என் வைஃப் சொன்னது சார்" என்று கத்தினேன். மறுபடி "ஹலோ, ஹலோ" என்றார். எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்: "நான் யோசிக்கவே இல்ல சார். திடீர்னெல்லாம் ஒன்னும் தோணல. எல்லாம் என் வைஃப் சொன்னது. நான் பொய் சொல்லிட்டேன் சார்."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் கடிதத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. அது கட் ஆயி ரொம்ப நேரம் ஆச்சு."

பார்த்தேன். ஆகியிருந்தது. மலை மறைக்கிற அந்த இடத்தில் எப்போதும் சிக்னல் போய்விடும். உட்கார்ந்தேன். முன் சீட்டுப் பெரியவர் திரும்பி, "என்னாம்மா ஆச்சு, வூட்டுக்காரருக்கு?" என்று அவளிடம் விசாரித்தார். "ஒன்னுமில்லீங்க, இன்னைக்குத்தான் பாஸாயிருக்காரு" என்றாள்.

போளூர் தாண்டியபிறகு என் பக்கம் திரும்பினாள். கண் ஈரமாக இருந்தது, சிரித்ததாலா என்று எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு லெட்டரா எழுதி அனுப்புங்க. வாயால சொன்னா எங்க ஆபீஸ்லயே எடுத்துக்க மாட்டோம்."

மறுநாள் காலையில் உட்கார்ந்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அந்தக் கடிதத்தை நானே எழுதினேன்.